அத்தையின் காலநிலை யாத்திரை

எங்கள் அத்தைக்குத் தெரிந்த நடை ஒன்றே ஒன்றுதான். வருஷா வருஷம் காவிப் புடவை உடுத்தி, செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, வேளாங்கண்ணிக்குக் கிளம்பும் நடை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிவில் சாமியார் மைக்கில் ஓர் அறிவிப்பு வாசித்தபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பருவநிலை மாற்றத்தைத் தடுக்கக் கோரிக் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து சென்னைக் கோட்டை வரைக்கும் சிலர் நடந்தே வருகிறார்கள், வரும் சனிக்கிழமை திருமழிசையைக் கடக்கிறார்கள், விருப்பமுள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம் என்றார் அவர். வீட்டுக்கு வந்ததும் அத்தை காவிப் புடவையை எடுத்து வெயிலில் உலர்த்தினாள். என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளானூரில், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் பக்கத்தில் எங்கள் வீடு இருந்தது. அது அத்தை கட்டிய வீடு. அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளைக் கழுவும் வேலை அவளுக்கு. கல்யாணம் செய்துகொள்ளாமல், தன் தம்பியான என் அப்பாவையும் ஆளாக்கி, சுவர் சுவராக அந்த வீட்டை எழுப்பியிருந்தாள். யாராவது அதைக் குறை சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குறை என்று பார்த்தால் ஒன்றுதான், மழைக்காலத்தில் ஏரியும் எங்களோடு குடிவந்துவிடும். முன்பெல்லாம் வாசற்படியோடு திரும்பிவிடுமாம். கடைசியாகப் பெய்த பெருமழையில் தம்பிப் பாப்பாவின் தூளியைத் தொட்டுவிட்டது.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். மாடி வீடு பார்த்தால் வருகிறேன், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். என் வீட்டைவிட்டு நான் எங்கும் வரமாட்டேன் என்றாள் அத்தை. இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது. அப்பா நடுவில் மாட்டிக்கொண்டு வாயையே திறக்காமல் மாதக்கணக்கில் காலத்தை ஓட்டினார். பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்று என்னை வெள்ளானூரிலேயே விட்டிருந்தார்கள். எனக்கு என் அம்மா வேண்டும். வேறு எந்த நியாயமும் எனக்குத் தெரியாது.

நடைபயணம் எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். வெள்ளம் வராமல் செய்யச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்கப்போகிறார்கள் என்றார். எனக்குக் கணக்குச் சுலபமாகிவிட்டது. நாங்கள் போய்க் கேட்போம், வெள்ளம் நின்றுவிடும், அம்மா வந்துவிடுவாள். அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் நான் பெரிய மனுஷி மாதிரி நடந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலையில் இருவரும் செருப்பில்லாமலே பஸ் பிடித்துத் திருமழிசை போனோம். நடைக்காரர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பச்சைச் சட்டையும் அட்டைகளுமாக நின்றார்கள். காவிப் புடவையில், வெறுங்காலோடு, கழுத்தில் செபமாலையோடு வந்து நின்ற அத்தையைப் பார்த்ததும் அவர்களுக்குக் கொஞ்சம் திக்கென்றிருக்க வேண்டும். முன்னால் நின்ற அக்கா பக்குவமாக ஆரம்பித்தாள்.

“அம்மா, இது எந்தக் கட்சியையும் சேராத நடைங்க.”

“நான் மட்டும் இன்னா கட்சியாம்? மாதா கட்சி. நட கண்ணு, வெயில் ஏறுது.”

அந்த அக்காதான் வழியெல்லாம் கோஷம் போட்டாள். அவள் “ஏரிகளைக் காப்போம்” என்றால் நாங்களும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அத்தைக்கோ, வேளாங்கண்ணி நடையில் ஒருவர் புனிதர் பெயரைச் சொல்ல மற்றவர்கள் வேண்டிப் பழகியதில், நடக்கும்போது யாராவது ஒரு வரி சொன்னால் மறுவரி தானாக வாயில் வந்துவிடும். “ஏரிகளைக் காப்போம்” என்று குரல் வந்ததுமே “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று ராகத்தோடு இழுத்தாள். நானும் பழக்க தோஷத்தில் கூடவே இழுத்தேன். இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசைப் பையன்களுக்கே அது பிடித்துப்போனது. ஆவடி ஏரி என்று ஒருவன், அயப்பாக்கம் ஏரி என்று இன்னொருவன், கொரட்டூர் ஏரி, போரூர் ஏரி என்று வரிசையாகக் கூப்பிட, எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கொள்ளச் சொன்னோம். லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்தார்கள். புனிதர்களின் பட்டியலில் போரூர் ஏரியைச் சேர்த்த பெருமை எங்கள் குடும்பத்துக்கு உண்டு.

நடுவில் அந்த அக்கா, பூமி சூடாவதைப் பற்றியும் மாதக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை ஒரே மூச்சில் கொட்டுவதைப் பற்றியும் அத்தைக்கு விளக்கினாள். அத்தை கவனமாகக் கேட்டாள். “இனிமே கொறையாதா கண்ணு? வருஷத்துக்கு வருஷம் இப்படித்தானா?” என்று கேட்டாள். உடனே குறையாது, கூடத்தான் வாய்ப்பு, அதற்காகத்தான் இப்போதே கேட்கிறோம் என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அத்தை வெகுதூரம் பேசாமல் வந்தாள். ஏரிகளுக்காகக்கூட வாயைத் திறக்கவில்லை. கால் வலிக்கிறது போல என்று நான் நினைத்தேன்.

பூந்தமல்லிக்குள் நுழைந்ததும் அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத் தெருவில் திரும்பினாள். “அம்மா, நேரா போகணும்!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. மாமா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துகொண்டு நடந்து போகிறவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டால், எந்தச் சாமிக்கு நடந்தாலும், எப்பேர்ப்பட்ட பகையாளியாக இருந்தாலும், இல்லை என்று சொல்லமாட்டார்கள். குடத்தில் கொண்டுவந்து காலில் ஊற்றிவிட்டுத்தான் குடிக்கக் கொடுப்பார்கள். அத்தை உறவு சொல்லிக் கூப்பிடவில்லை. யாரோ எவரோ மாதிரி, “தண்ணி குடுங்கம்மா” என்றாள்.

இடுப்பில் தம்பியோடு அம்மா வந்தாள். காவிப் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெந்து சிவந்திருந்த எங்கள் பாதங்களைப் பார்த்தாள். உள்ளே போனவள் பிளாஸ்டிக் குடத்தோடு திரும்பி வந்து, குனிந்து அத்தையின் காலில் ஊற்றினாள். “கால் இப்டி கொப்பளிச்சிருக்கே, செருப்பாவது போட்டுக்கினு வரக்கூடாதா அண்ணி?” என்றாள். பிறகு என் காலிலும் ஊற்றினாள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்றும் எனக்கு உள்ளங்காலில் இருக்கிறது.

என்னிடம் தம்பியைக் கொடுத்துவிட்டு இருவரும் குழாயடியில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். நல்ல வெயில், வியர்வை என்று விட்டுவிட்டேன். பிறகு அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தம்பியோடு எங்களுடன் கிளம்பினாள். ஓட்டமும் நடையுமாகப் போய்க் கூட்டத்தைப் பிடித்தோம். குமணன்சாவடி வரைக்கும் நால்வரும் ஒன்றாக நடந்தோம். நான் போட்ட சத்தம் கோட்டைக்கே கேட்டிருக்கும்.

குழாயடியில் அத்தை சொன்னதை அம்மா வெகுகாலம் கழித்து, எனக்கே கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில்தான் சொன்னாள். “ஊட்ட வித்துடலாம்மா. புள்ளைங்கள ஒண்ணொண்ணு ஒரு பக்கம் வச்சிக்கினு, அந்தச் செவுத்த கட்டிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?” அவ்வளவுதான் சொன்னாளாம். நடைபயணத்துக்கு அடுத்த மாதமே வெள்ளானூர் வீட்டை விற்றுவிட்டு, திருமுல்லைவாயலில் வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்துக் குடிபோனோம். அம்மா வந்துவிட்டாள். அத்தை கடைசிவரை அந்த வாடகை வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். வெள்ளானூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில்கூட அவள் ஏறி நான் பார்த்ததில்லை. நான் அம்மாவோடு வளர்ந்தேன் என்றால் அது அவள் போட்ட பிச்சை. இதை அவளிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.

நடந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவை மாமா வீட்டில் விட்டுவிட்டு, நானும் அத்தையும் ஆவடி பஸ்ஸில் திரும்பினோம். அவள் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். நமது வீட்டுக்குள் இனிமேல் தண்ணீர் வராது இல்லையா அத்தை என்று கேட்டேன்.

“வராது கண்ணு” என்று என் தலையைத் தடவினாள். “இனிமே நம்ம ஊட்டுக்கு எப்பவும் வராது.”

இவ்வளவு சீக்கிரமாக அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டதே என்ற சந்தோஷத்தில் நான் தூங்கிப்போனேன்.