குருநகருக்குப் போன சொற்கள்

மீன் விற்கிற ஒரு மனுசியின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவளுடைய அழகின் மேலோ வசதியின் மேலோ அல்ல, அவள் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லின் மேல். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற ஒருத்தி இப்படி எழுதுவது வெட்கம்தான். ஆனாலும் நடந்தது அதுதான்.

அன்று சனிக்கிழமை. என் கணவர் வழக்கம்போலக் குருநகருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பண்டத்தரிப்பிலும் மீன் வாங்கலாம். ஆனால் குருநகர் மீன்தான் மீன் என்பது அவருடைய கட்சி. பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு, "சோளகம் துவங்கிட்டுதாம்" என்றார். தென்மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அதுதான் பெயர். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "அந்த மீன்கார மனுசி" என்றார். பிறகு கை கழுவப் போகிற வழியில், தனக்குள்ளேயே, மெல்ல, இன்னொரு தரம் "சோளகம்" என்றார்.

அந்த இரண்டாம் தரம்தான் என்னைச் சுட்டது. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் என்னுடைய பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொற்களின் ஓசையில் ஒரு பைத்தியம். பொருள் எனக்கு இரண்டாம் பட்சம். ஒரு சொல்லை வாயில் போட்டுப் பார்ப்பேன், இனித்தால் கொப்பியில் எழுதி வைப்பேன். குறுகிய தெருவை ஒழுங்கை என்று சொல்லும்போது நாக்கு உள்ளே மடிந்து, வளைந்து, திரும்பி வருகிறது. குரும்பட்டி என்பது தென்னையிலிருந்து உதிரும் பிஞ்சு. சொல்லி முடிக்க முன்னமே அது நிலத்தில் பட்டுத் துள்ளிவிடும். பொழுதுபடுகிற நேரத்துக்கு எங்கள் பக்கம் மம்மல் என்போம், உதடு திறக்க மனமில்லாமல் திறக்கும். மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சியும் முகம் துடைக்கும் துவாயும் வெள்ளைக்காரர் விட்டுப்போன சொற்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற நானே, வீட்டுக்கு வந்து அவற்றையும் ஆசையோடு எழுதி வைப்பேன்.

கலியாணமாகி இருபத்திரண்டு வருசம். இந்த இருபத்திரண்டு வருசமும் பின்னேரத் தேத்தண்ணியோடு அவருக்கு ஒரு சொல் கொடுத்து வந்திருக்கிறேன். கந்தோரில் வேலை முடிந்து வந்து கதிரையில் சாய்ந்திருப்பார். கோப்பையை நீட்டி, "இண்டைக்கு லாச்சி" என்பேன். "ஓம், லாச்சிக்கைதான் அலுமாரித் திறப்புக் கிடக்கு" என்பார். "வடலி" என்பேன், இளம்பனையைத்தான். "வடலிக்குள்ளை பாம்பு கிடக்கும், பாத்துப் போம்" என்பார். ஒரு சொல்லையாவது அதன் ஓசைக்காக அவர் திருப்பிச் சொன்னதில்லை. ருசி பார்த்ததில்லை. மகள் இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்லிக் கேட்க வேறு ஆளும் இல்லை.

வாசல் படலைக்குத் தூண் நடுவதற்குக் குழி தோண்டிய நாளில்தான் மிகவும் மனம் விட்டுப்போனது. வேலைக்கு வந்தவர் "அலவாங்கைக் கொண்டாங்கோ" என்று கூப்பிட்டார். குழி தோண்டுகிற கனத்த இரும்புக்கோல்தான். எத்தனையோ தரம் கேட்ட சொல், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அலவாங்கு. மத்தியானம் சோறு போடும்போது, "ஒரு இரும்புக்கு இப்பிடி ஒரு பேரோ! எவ்வளவு ஒய்யாரமா இருக்கு, சொல்லிப் பாருங்கோ" என்று அவரிடம் சொன்னேன். நிமிராமலே, "அது பக்கத்து வீட்டாரின்ரை. பின்னேரம் திருப்பிக் குடுக்கோணும்" என்றார். அன்றிலிருந்து ஒரு முடிவெடுத்தேன். மிக நல்ல சொல் ஒன்றை எனக்கென்று வைத்துக்கொள்வது, அவருக்குச் சொல்வதே இல்லை. அது வெள்ளாப்பு. விடிவதற்குச் சற்று முன்னால் வானம் வெளிறுகிற நேரம். காலையில் எழும்பியதும் அதை ஒருதரம் வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன்.

அப்படிப்பட்ட மனுசன்தான் "சோளகம்" என்று இரண்டு தரம் சொன்னார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளை எண்ணத் தொடங்கினேன். மீன் பையோடு ஒரு சொல்லும் வரும். ஒரு கிழமை, பறி, மீன் போடுகிற ஓலைக்கூடை. இன்னொரு கிழமை, சம்மாட்டி, வள்ளமும் வலையும் வைத்திருக்கிற முதலாளி. மீனை வெட்டிக்கொண்டே ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். அதிலும் கூடுதலாக எரித்தது, சொற்கள் நல்லவையாக இருந்ததுதான். சோளகத்தை என் கொப்பியில் எழுதினேன். எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்து எறிந்தேன். பிறகு குப்பைக்குள்ளிருந்து எடுத்து மடித்து வைத்தேன்.

நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடியேறியது. கொடியேறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் இல்லை. மீன் காய்ச்சுகிற சட்டியைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்துவிடுவேன், கொடி இறங்கும்வரை அதை யாரும் தொடுவதில்லை. மீன் இல்லையென்றால் குருநகர் இல்லை, குருநகர் இல்லையென்றால் அவளும் இல்லை. முருகனுக்கு அந்த முறை கொஞ்சம் கூடுதலாகவே நன்றி சொன்னேன்.

முதல் சனிக்கிழமை காலை, "ரவுணுக்குப் போட்டு வாறன்" என்று யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகிறவர்போல மோட்டார் சைக்கிளை எடுத்தார். பத்து மணிபோலத் திரும்பி வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார். விடியவே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு போன மனுசன்! திருவிழாக் காலத்தில் மீன்சந்தைக்குள் கால் வைத்தவர், முழுகாமல் சாமியறை இருக்கிற வீட்டுக்குள் வரமாட்டார். மனைவியை ஏய்க்கலாம், முருகனை ஏய்க்க அவருக்கு மனம் வரவில்லை. துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டு, என்னைக் கவனிக்காமல், "அணியம்" என்று சொல்லிப் பார்த்தார். வள்ளத்தின் முன்பக்கத்தை அப்படிச் சொல்வார்களென்று எனக்கும் தெரியும். இரண்டு தரம் சொன்னார்.

மீன் வாங்காமல் மீன்காரியிடம் ஏன் போகிறார்? கிழமை முழுவதும் அந்தக் கேள்வியோடு கிடந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் "ஓம்" என்று ஏதாவது சொல்லி முடித்துவிடுவார் என்ற பயம். அல்லது முடிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

அடுத்த சனி அவர் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் நானும் பஸ் ஏறினேன். பள்ளிக்கூட விடுமுறை, யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இறங்கி ஓட்டோ பிடித்துக் குருநகர் போய்ச் சேரும்போது ஒன்பது மணியாகிவிட்டது. சந்தையில் கூட்டம் குறைவு. அவருடைய மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. கால் கூசக் கூச ஈரச் சீமெந்தில் நடந்து, "பண்டத்தரிப்பிலையிருந்து ஒரு கந்தோர்க்காரர் வாறவர், அவருக்கு மீன் குடுக்கிறது ஆர்?" என்று விசாரித்தேன். ஒரு மூலையைக் காட்டினார்கள்.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். கழுத்தில் செபமாலை, முன்பல் ஒன்று இல்லை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வடிவான இளம்பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கொடியேறின நேரம் திருநீறும் பூசிக்கொண்டு இஞ்சை வாற ஆக்கள் ரெண்டே பேர்தான் தங்கச்சி. ஒண்டு கந்தோர்த் தம்பி. மற்றது நீங்கள். உவர் இப்பதான் போறார்."

"என்னத்துக்கு வாறவர்?" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"சொல்லு மாத்த வாறவர்" என்றாள், கத்தியை நிறுத்தாமல். "நான் கடல்பக்கத்துச் சொல்லு ஒண்டு குடுப்பன். அவர் தோட்டப்பக்கத்துச் சொல்லு ஒண்டு தருவார். ஒரு விளையாட்டு. என்ரை மனுசன் போனாப் பிறகு என்னோடை இப்பிடிக் கதைக்க ஆர் இருக்கினம்?"

"என்ன சொல்லுகள் அக்கா?"

அவள் சொன்னாள். ஒழுங்கை. மம்மல். குரும்பட்டி. வடலி. ஒவ்வொன்றாக, நான் சொல்கிற இழுப்போடு, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. என் கொப்பி அந்த மீன் பலகையில் விரிந்து கிடப்பதுபோல இருந்தது. இருபத்திரண்டு வருசத் தேத்தண்ணிச் சொற்களில் ஒன்றும் தவறவில்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கேட்டு, பத்திரமாக வைத்து, இங்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"அலவாங்கு எண்டு ஒண்டு சொன்னவர் பாருங்கோ!" அவள் கத்தியையே கீழே வைத்துவிட்டாள். "ஒரு இரும்புக்கு இப்பிடி ஒரு பேரோ எண்டு கேட்டுப்போட்டு அவரே சிரிக்கிறார். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. அந்த நேரம் அவரின்ரை முகத்தைப் பாக்கோணும் தங்கச்சி, சின்னப்பிள்ளையின்ரை முகம்."

அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஆர் சொல்லிக் குடுத்ததாம்?" என்று கேட்டேன்.

"வீட்டிலை ஒரு ஆள் எண்டு சொல்லுவார். மகளாக்கும் எண்டு நினைச்சனான்."

நான் ஆர் என்று சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது, மீன்சந்தையில் நின்று அழ எனக்கு விருப்பமில்லை. திரும்பி நடக்கப் போனபோது அவள் கூப்பிட்டாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டதோ என்னவோ.

"மச்சம் வாங்கமாட்டியள். வெறுங்கையோடை போகாதேங்கோ, ஒரு சொல்லுக் கொண்டு போங்கோ. களங்கண்டி."

கடலில் தடி நட்டு வலை கட்டி மீனை மறிப்பது. வேண்டாமென்றுதான் நினைத்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அது வாய்க்குள்ளேயே கிடந்தது. களங்கண்டி, களங்கண்டி. பாழாய்ப்போன சொல், எவ்வளவு நன்றாக இருந்தது! என் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் வைக்க இரண்டு சொல்கூட இல்லை. பொறாமைக்கும் ஒரு அளவு வேண்டாமா?

வீட்டுப் படலையைத் திறந்தபோது அவர் கிணற்றடியில் நின்றார். வழியில் எங்கோ சுணங்கி வந்திருக்க வேண்டும், அப்போதுதான் முழுகியிருந்தார், துவாய் தோளில் கிடந்தது. நான் வாசல்படிக்கு வந்தேன். படியில் கால் வைக்க முடியவில்லை. அவரை எந்த வழக்கம் காட்டிக்கொடுத்ததோ, அதே வழக்கம்தான் எனக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கிணற்றடிக்கு நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வேறு யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் விளங்கியது.

"ரவுணுக்கோ போனனீர்?" என்றார்.

"ஓம்" என்றேன். அவருடைய அந்த ஒற்றைச் சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்ததில் எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்.

அவர் போய் மோட்டரைப் போட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டார். தோளில் கிடந்த துவாயைக் கொடியில் எனக்காகப் போட்டுவிட்டு உள்ளே போனார். அந்தக் கிழமை முழுவதும் தேத்தண்ணி கொடுத்தேன், சொல் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் கோப்பையை வாங்கிக்கொண்டு என் வாயைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். மூன்றாம் நாளும் அப்படித்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை. கொடி இன்னும் இறங்கவில்லை, சட்டி இன்னும் கவிழ்ந்தே கிடந்தது. அவர் மோட்டார் சைக்கிளைப் படலைவரை உருட்டிக்கொண்டு போய் நின்றார். திரும்பிப் பார்த்தார்.

"குருநகருக்குப் போட்டு வாறன்" என்றார். இந்த முறை ரவுண் இல்லை. பிறகு, காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு, "ஒரு சொல்லுத் தாருமன்" என்றார்.

இருபத்திரண்டு வருசத்தில் அவராக என்னிடம் கேட்ட முதல் சொல். அதையும் அவளுக்குக் கொண்டுபோகக் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஏதாவது கோணல் சொல்லாக, வாயில் வைக்க முடியாத ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம், அதையும் யோசித்தேன். ஆனால் அவளுடைய களங்கண்டி ஒரு கிழமையாக என் வாய்க்குள் கிடந்து என்னைச் சிறுமைப்படுத்திக்கொண்டிருந்தது. அவளிடம் நான் தோற்கக் கூடாது.

"வெள்ளாப்பு" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "வெள்ளாப்பு" என்றார். மறந்துபோகாமலிருக்க, மெல்ல, இன்னொரு தரம் "வெள்ளாப்பு" என்றார். அந்த மனுசி சொன்ன முகத்தை அப்போதுதான் பார்த்தேன். சின்னப்பிள்ளையின் முகம்தான். அந்த முகத்தோடேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போய்விட்டார்.