நிறுத்தினால் நிற்கும் கடிகாரம்

ஓட்டப்பிடாரம் சாலையில் பாதி தூரம் நடந்த பிறகுதான் பசி தெரிந்தது. தோள் பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, போன் சார்ஜர். சட்டைப் பாக்கெட்டில் ஒரு பென் டிரைவ். புதியம்புத்தூரில் நான் வேலை பார்த்த சட்டைத் தையல் கம்பெனியை விட்டு அன்று காலைதான் கிளம்பியிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் கிளம்பினேன். கோவில்பட்டிக்குப் போனால் ஏதாவது ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றும் வேலை கிடைக்கும் என்று நினைப்பு. பஸ்ஸுக்குக் காசு இருந்தும் கோபத்தில் நடந்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். விளாத்திகுளத்தில் மிளகாய் மூட்டை சுமந்திருக்கிறேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றிருக்கிறேன், கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன். படுக்க இடம் இல்லாத மாதங்களில் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அந்த ரிப்பேர் கடையில்தான், போனில் வீடியோ பார்த்தும், தூக்கிப் போட வைத்திருந்த கம்ப்யூட்டரில் தப்புத் தப்பாக அடித்தும் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு இங்கிலீஷ் வாக்கியம் இன்றும் எனக்கு ஒழுங்காக எழுத வராது. கம்ப்யூட்டருக்கு வேண்டிய ஐம்பது சொற்கள் வரும்.

தையல் கம்பெனியில் எனக்கு இஸ்திரி மேசை. தைக்கிறவர்கள் எல்லோரும் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை காலர், இத்தனை கை என்று கணக்கு உண்டு. குறைந்தால் சாயங்காலம் அரை மணி கூடுதலாக உட்கார வேண்டும். அதற்குள் மினி பஸ் போய்விடும், வீடு வரைக்கும் நடைதான். நடுவில் கரண்ட் போனால் அந்த நேரத்தைக் கழித்துவிடுவது வழக்கம். ஆனால் கழிப்பது சூப்பர்வைசர். பத்து நிமிடம் கரண்ட் போனால் அவருடைய வாட்சில் ஆறு நிமிடம்தான் போயிருக்கும்.

முதலாளி பில் போடும் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தால் எல்லோருக்கும் திரை தெரியும். அதில் ஒரு கடிகாரம் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் "செய்யேன்" என்றார். 'தொடங்கு' என்று ஒரு பொத்தான், 'நிறுத்து' என்று ஒரு பொத்தான். தொடங்கினால் ஒரு மணி நேரம் காத்திருந்து மணி அடிக்கும். கரண்ட் போனால் நிறுத்த வேண்டும், வந்ததும் திரும்ப ஓட விட வேண்டும். கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் ஓடுவதால் அது அணையாது. எழுதி முடித்து, ஐந்து நொடி வைத்துச் சோதித்தேன். டிங் என்றது. அதற்கு மேல் சோதிக்கவில்லை.

ஒரு வாரம் கரண்ட் போகவே இல்லை. பெண்கள் என்னை இஞ்சினியர் என்று கூப்பிட்டார்கள். "இனிமே மிஷினு சொன்னதுதான்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார்கள்.

எட்டாவது நாள் கரண்ட் போனது. காலர் தைக்கும் அக்கா எழுந்து ஓடிப்போய் 'நிறுத்து' பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமுக்கினார். திரை வெள்ளையாக மங்கியது. பத்துப் பதினைந்து தடவை அமுக்கியிருப்பார். கரண்ட் வந்து மிஷின்கள் ஓட ஆரம்பித்தும் கடிகாரம் அசையவில்லை. கரண்ட் போன நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தின்றுவிட்டு மணி அடித்தது. அதோடு விட்டதா? அதுவரை உள்ளே தேங்கிக் கிடந்த அக்காவின் அமுக்கல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நின்றது, டிங். நின்றது, டிங். நின்றது, டிங்.

சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, மிஷினு சொன்னதுதான்னு நீங்கதான சொன்னிய? மிஷினு சொல்லிட்டு, மணி முடிஞ்சிட்டுன்னு. உக்காருங்க அர மணி."

மறுநாள் காலை அக்காவிடம் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவர் நிமிரவில்லை.

"இஞ்சினியரு ஒண்ணும் பேச வேண்டாம். நேத்து என் மவ பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டுன வீட்டு வாசல்ல உக்காந்திருந்தா. சாவி என் இடுப்புல. எங்களுக்கு அந்த ஆளு வாட்சே போதும்."

மூட்டை சுமக்கையில் திட்டு வாங்கியிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் ஒட்டாது. இது ஒட்டிவிட்டது. புரோகிராமைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கோவில்பட்டிக்குப் போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

வெயில் ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த கரிசல், வாய் பிளந்து கிடந்தது. தார்ச் சாலையில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல். காவலுக்கு என் வயதில் ஒரு பெண், தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, அங்கிட்டு ஓரமா போங்க. சோளத்த மிதிச்சிராதிய."

தண்ணீர் கேட்டேன். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே பாட்டிலை நீட்டினாள். நான் குடித்து முடிப்பதற்குள் எழுந்து போய் ஒரு ஆட்டை விரட்டினாள், டிராக்டர் வந்ததும் இரண்டு கல்லை நகர்த்தினாள், காலாலேயே சோளத்தை அளைந்து ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்த்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். போன் பேச்சு நிற்கவில்லை. அது முடிந்ததும் கேட்டேன்.

"எப்பக் காயும்?"

"சாயங்காலம் ஆவும்."

"அது வரைக்கும் இங்கனயே இருக்கணுமோ?"

"பின்ன? போத்திப் படுத்துட்டு சாயங்காலம் எந்திரிச்சா சோளமா இருக்கும்? ஆட்டுப் புழுக்கைதான் இருக்கும். அள்ளிட்டுப் போறியளா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் புரோகிராமில் நான் எழுதியிருந்த வரி கண் முன்னால் வந்து நின்றது. ஒரு மணி நேரம் தூங்கு என்று எழுதியிருந்தேன். அது சொன்னபடி போர்த்திப் படுத்துவிட்டது. அக்கா வந்து கதவைத் தட்டியது அதன் காதில் விழவே இல்லை. ஐந்து நொடி தூங்கினால் யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரம் தூங்கினால்தான் தெரியும்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் இருந்தது. வாடகை பேசி உட்கார்ந்தேன். தூங்கு என்ற வரியை எடுத்தேன். அதற்குப் பதிலாக, கால் நொடி கழித்து என்னைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு உடனே, திரையில் பொத்தான்களைத் தாங்கி நிற்கும் ஜன்னலிடம் பொறுப்பைத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதினேன். கூப்பிட்டதும் எழுந்து, எவ்வளவு நேரம் மிச்சம் என்று பார்த்து, திரையில் எண்ணை மாற்றி, அடுத்த கால் நொடிக்குச் சொல்லி வைத்துவிட்டு விலகிவிடும். நடுவில் யார் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பதில் சொல்ல ஜன்னல் விழித்திருக்கும்.

முதலில் கூப்பிட்ட தடவைகளை எண்ணி நேரத்தைக் கணக்கிட்டேன். போனோடு ஒத்துப் பார்த்தால் சில நொடி பின்தங்கியது. ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவதில் ஒரு இம்மி தாமதம். அதனால் எண்ணுவதை விட்டேன். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரின் உண்மையான மணியைப் பார்த்துக் கழிக்கச் சொன்னேன். சரியாக வந்தது.

இந்தத் தடவை முழு ஒரு மணி நேரம் வைத்துச் சோதித்தேன். ஜன்னலை இழுத்தேன், சுருக்கினேன், வேறு ஜன்னலைத் திறந்து மூடினேன், நிறுத்தினேன், விட்டேன், வேண்டுமென்றே இருபது தடவை தொடர்ந்து அமுக்கினேன்.

"அண்ணாச்சி, மவுசுக்கும் உசுரு இருக்கு. பாத்து" என்றார் கடைக்காரர்.

மணி அடித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். அவர் என்னவோ ஏதோ என்று பார்த்தார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, நானும் ஒன்று குடித்தேன். எனக்கு அன்று அதுதான் சாப்பாடு. நன்றாகவே இருந்தது.

பஸ் பிடித்துத் திரும்பினேன். கம்பெனியில் அன்றைய கடைசி ஒரு மணி நேர வேலை ஓடிக்கொண்டிருந்தது.

"என்னலே, கோவில்பட்டி அம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு?" என்றார் சூப்பர்வைசர். "இஸ்திரிக்கு ஆளு போட்டாச்சு."

"வேலைக்கு வரல அண்ணாச்சி. அஞ்சு நிமிசம் கம்ப்யூட்டர் வேணும்."

முதலாளி தலையாட்டினார். ஏற்றினேன். தொடங்கினேன். எண் நொடிக்கு நொடி குறைந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

"நீயே அமுக்கு" என்றார் அவர்.

"நா அமுக்குனா நீங்க நம்புவியளா?"

எழுந்து வந்தார். அமுக்கினார், நின்றது. அமுக்கினார், ஓடியது. மூட்டைப்பூச்சி நசுக்குகிற மாதிரி அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நொடியே பதில் வந்தது. பிறகு சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்து, "மெயின அமத்துங்க" என்றார். அவர் முதலாளியைப் பார்த்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தார். மிஷின்கள் அடங்கின. அக்கா பதறவில்லை, நிதானமாக ஒரே ஒரு தடவை அமுக்கினார். எண் நின்றது. தைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த நின்ற எண்ணையே பார்த்தார்கள். சூப்பர்வைசர் தன் வாட்சைப் பார்த்தார்.

மெயினைத் திரும்பப் போட்டதும் அக்கா ஓட விட்டார். விட்ட இடத்திலிருந்து ஓடியது. படித்தவன் செய்வதை நான் செய்திருக்கிறேன் என்று அன்று தோன்றியதை இன்றும் மறைக்க மாட்டேன்.

"நாளைக்கும் ஓடுமா?" என்றார் அக்கா.

"ஓடும்."

"கெட்டுப் போனா?"

"சரி பண்ணித் தாரேன்."

"எங்கன இருந்துகிட்டு? கோவில்பட்டியில இருந்துகிட்டா?"

அதுவரை விட்டு வந்த எந்த இடத்திலும் நான் திரும்பப் போய் வேலைக்கு நின்றதில்லை. அக்கா இடுப்பில் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டு மினி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போய்க் கேட்டேன். காலியாக இருந்த ஒரே வேலை, தைத்த சட்டையில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுவது. பெண்கள் தரையில் உட்கார்ந்து செய்வது. ஆண் யாரும் அதற்கு வந்ததில்லை, சம்பளமும் குறைவு. சூப்பர்வைசர் கத்தரியை நீட்டியபோது சிரிப்பை அடக்கவில்லை. நான் வாங்கிக்கொண்டு, திரை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.