வெந்நீர்க்கார விருமாண்டி

விருமாண்டிக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் ஒரு மெஷின். எங்கள் கல்யாண மண்டப முதலாளி எண்பத்து மூன்றாம் வருஷம் மேடைக்குக் கார்ப்பெட் விரித்தார். அதைக் கழுவ ஒரு வெளிநாட்டு மெஷினை எங்கோ ஏலத்தில் பிடித்து வந்தார். ஒரு குழாய் வெந்நீரைப் பீய்ச்சும். இன்னொன்று அழுக்கோடு உறிஞ்சிக்கொள்ளும். பேரையூர்ப் பக்கம் பம்புசெட் ஓட்டிக்கொண்டிருந்த விருமாண்டியை அதற்கு ஆளாகப் போட்டார்கள். மனுஷன் அதனோடு குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டார்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. பீய்ச்சும் துளைகளை வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். விருமாண்டி சட்டை ஊக்கைக் கழற்றிக் குத்திக்கொண்டே இருப்பார். சூடு சரியா என்று குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வோல்டேஜ் இறங்கி மெஷினில் தண்ணீர் சூடாகாவிட்டால், மண்டபத்துச் சமையல்காரனான என் சமையலறைக்கு வாளியோடு வந்துவிடுவார். "சாமி, ரெண்டு வாளி வெந்நி." சாதத்துக்கு வைத்த உலையிலா கை வைப்பது? நான் கத்துவேன். அவர் பாட்டுக்கு மொண்டுகொண்டு போவார்.

பெண் வீட்டார் என்ன வேலை என்று கேட்டால், "கார்ப்பெட்டுக்கு வெந்நி காட்டுறேன்" என்பார். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். வேறு எப்படித்தான் சொல்வதாம்?

டி. கல்லுப்பட்டி முத்துத்தாயைத் திருவிழாவில் ஒரு தடவை பார்த்ததில் ஆள் கிறங்கிப் போய், பெண் கேட்டு அனுப்பியிருந்தார். "இதுவும் தட்டிப்போச்சுன்னா ஊருக்கே போயிருவேன் சாமி" என்றார். வெந்நீர் திருடன்தான், ஆனாலும் நல்லவன்.

முத்துத்தாயின் அப்பா பேயாண்டி, வேலையை நேரில் பார்க்க வேண்டும் என்று வந்தார். அன்று முகூர்த்தத்தில் யாரோ ஆரத்தித் தட்டைக் கார்ப்பெட்டில் கவிழ்த்திருந்தார்கள். சாயங்காலம் வரவேற்பு. பேயாண்டிக்கு இரும்பு நாற்காலி போட்டு, நான் கிளறிய கேசரியைக் கையில் கொடுத்தேன். விருமாண்டி மெஷினை ஓட்டினார். பாதிக் கறை போயிருக்கும், தண்ணீர் நின்றுவிட்டது.

ஊக்கால் குத்தினார். உப்பில்லை. மெஷின் உறுமியது. தண்ணீர் ஓடாமல் சூடேறினால் ஹீட்டர் கம்பி கருகிவிடும். அணைத்தால் தண்ணீர் ஆறி, கறை அங்கேயே தங்கிவிடும். விருமாண்டி குழாயைத் தடவிக்கொண்டே போனார். நாற்காலிக் கால் அதை நசுக்கிக்கொண்டிருந்தது. மேலே பேயாண்டி, மடியில் கேசரி.

பெண் கொடுக்க வந்தவரை எழுந்திரு என்று யாராவது சொல்வார்களா? நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். விருமாண்டி என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"மாமா, எந்திரிங்க."

தொலைந்தது, கேசரியும் வீண் என்று நினைத்தேன். பேயாண்டி மெதுவாக எழுந்தார். குழாய் ஒரு துள்ளு துள்ளியது. வெந்நீர் பாய்ந்து கறையைக் கரைத்தது. பேயாண்டி நின்றபடியே கேசரியை ஒரு துளி விடாமல் தின்று முடித்தார்.

"கோபமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கோவம் என்ன சாமி? பொண்ணு குடுக்க வந்தவனையே எந்திரிக்கச் சொல்றான்னா, வேலை மேல எம்புட்டு அக்கறை இருக்கணும். எம்மகளை இவன் உக்கார வச்சுச் சோறு போடுவான்."

மெஷின் இரைச்சலில் விருமாண்டிக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து குழாயில் கைவைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் போய் சுவிட்சை அணைத்து, அவரை நிமிரச் சொன்னேன்.