கால் மணி நேரம் நின்ற நுரை

சோதனைக் குழாயின் விளிம்பை ஒட்டி வளையமாக நின்ற அந்த நுரை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. தென்காசியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் லேபில் நான் வேலை பார்த்த காலம். கடையத்திலிருந்து வந்த பெண்ணுக்கு எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் கொழுப்புப் படலம் அதற்கு உருவாகிவிட்டதா என்பதுதான் கேள்வி. இருந்தால் இங்கேயே வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் ஆம்புலன்ஸில் திருநெல்வேலி. அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிள்ளை தாங்குமா என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் குழந்தை டாக்டர் பழைய ஆள். பால் கொடுக்கும் முன் பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்த நீரில் ஆல்கஹால் சேர்த்துக் குலுக்கச் சொல்வார். கோழையின் நுரை உடனே உடைந்துவிடும். அந்தக் கொழுப்பு இருந்தால் மட்டும், மெல்லிய படலமானாலும், கால் மணி நேரம் தாங்கும். தாங்கியது. “நுரை நிக்குது டாக்டர்” என்று ஓடிப்போய்ச் சொன்னேன். பிள்ளையை இங்கேயே வைத்துக்கொண்டு பாலும் புகட்டினார்கள்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. புதுக் குழாய்கள் குறைந்துபோனதால், சோப்புத்தூள் போட்டுக் கழுவியவற்றையும் அதே ஸ்டாண்டில் நானே கவிழ்த்து வைத்திருந்தேன். நான் எடுத்தது எது? அதே ஸ்டாண்டிலிருந்த இன்னொரு குழாயில் வெறும் தண்ணீரும் ஆல்கஹாலும் ஊற்றிக் குலுக்கினேன். அதிலும் நுரை நின்றது.

டாக்டரிடம் போய்ச் சொல்லி அழுதேன். பால் கொடுத்தாயிற்று, இனி மறுபடி சோதிக்கவும் வழியில்லை. “சரிம்மா, குழாயப் பாத்தது போதும். பிள்ளையப் பாப்போம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். பிள்ளை திணறவேயில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை.

போன சீசனில் ஐந்தருவியில் குளிக்கப் போயிருந்தபோது அந்தத் தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். “ஒங்க டெஸ்ட்டு சரியா இருந்ததாலதான் இங்கனயே வச்சுக் காப்பாத்துனோம்னு டாக்டர் சொன்னாவ” என்றாள். அவர் அதை நம்பித்தான் சொன்னாரா, எனக்காகப் பொய் சொன்னாரா? மனசு கேட்காமல் சோப்பு விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன்.

நனைந்து நடுங்கிய, அன்று பிறந்த அதே மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“அப்போ எம்பிள்ளய அன்னைக்குத் திருநவேலிக்கு அனுப்பியிருக்கணும்னு சொல்லுதீயளா?”