பென்சில் முனை உடைதல்: மூன்று முறை

அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகமல்ல, மார்பு. அதில் பழுப்பு நிற ஷூ லேஸில் கோத்த ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். எஃகு உடம்பு, சாவி கொடுக்கிற வகை, உச்சியில் ஒரு குமிழ். குமிழை அழுத்தினால் முள் ஓடும். இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். மூன்றாம் முறை அழுத்தினால் எதுவுமே நடக்காதது போலப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அந்த மூன்றாவது வசதியை மனிதர்களுக்கும் வைத்திருக்கலாம் என்று பின்னாளில், குறிப்பாக என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது, நினைத்திருக்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பாவுக்கு டைம் ஸ்டடி வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பெண்களுக்குப் பின்னால் எழுதும் அட்டையும் கையுமாக நின்று, ஒரு தையலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் அந்த வரிசைக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட் போடுவார்கள். கம்பெனியில் அவருக்கு ‘டைம் சார்’ என்று பெயர். ஊரில் மற்ற அப்பாக்கள் வேலை முடிந்து தோல் வாசனையோடு வீட்டுக்கு வருவார்கள். என் அப்பா வேலையையே கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். பால் பொங்க எத்தனை நிமிஷம், நான் பல் தேய்க்க எத்தனை, அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் புடவை கட்ட எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் போதகரின் கையைக் குலுக்கிக்கொண்டே, “இன்னிக்கு முப்பத்தெட்டு நிமிஷம் ஐயா, போன வாரத்துக்கு நாலு ஜாஸ்தி” என்பார், ஏதோ பாராட்டுவது போல. ஒருமுறை ஏலகிரிக்குப் பஸ்ஸில் போனபோது பதினாலு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தனித்தனியாக நேரம் எடுத்தார். அங்கே வளைவுக்கு ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். எந்தப் புலவரைக் கடப்பது கடினம் என்று தமிழகத்தில் புள்ளிவிவரத்தோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் என் அப்பாவாகத்தான் இருந்திருப்பார்.

பிள்ளை வளர்ப்பு பற்றியும் அவருக்குக் கொள்கைகள் இருந்தன. படிப்பையும் விளையாட்டையும் கலக்கக் கூடாது என்பது முதல் கொள்கை. “ரெண்டும் கலந்தா ரெண்டுமே ரிஜெக்ட் ஆய்டும் பாப்பா.” படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு நேரத்தைப் பிச்சை போல் போடக் கூடாது, அது சம்பாதித்ததாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதை அவர் வாயால் சொன்னதில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். கணக்குப் போடும்போது நான் ஏதாவது கேள்வி கேட்டால் வாட்சின் பக்கவாட்டிலிருந்த சின்னத் தாழைத் தள்ளி முள்ளை நிறுத்திவைப்பார். பதில் சொல்லி, எனக்குப் புரிந்ததென்று உறுதியான பிறகுதான் முள் மறுபடி ஓடும். கேள்வி கேட்கிற நேரத்தை அவர் என் கணக்கில் எழுதியதே இல்லை. இதை நான் எவ்வளவு கேவலமாகப் பயன்படுத்திக்கொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பூஜ்யத்தை யார் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்னால் ஒன்பதுக்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்று கேட்டு ஒரு மாலை முழுவதையும் ஓட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஏழாம் வகுப்பு. பள்ளியின் டென்னிகாய்ட் அணியில் இடம் கிடைத்தது. ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் வீச வேண்டும், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதை ஒரே கையால் பிடித்து உடனே திருப்பி வீச வேண்டும். நோட்டீஸ் போர்டில் ‘வளையப்பந்து’ என்று இருக்கும், நாங்கள் ‘ரிங்’ என்போம். வேறு எந்த ஆட்டத்துக்கும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். ஓடத் தெரியாது, உயரம் கம்மி, பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். வளையத்துக்கு மட்டும் ஏனோ கண் மூடவில்லை. தினமும் நாலரையிலிருந்து ஐந்தரை வரை பயிற்சி. பள்ளிக்கூடத்தில் நான் ஒரு ஆளாக இருந்தது அந்த ஒரு மணிநேரம்தான்.

அப்பா தடுக்கவில்லை. டார்கெட் போட்டார். தினம் பள்ளி விட்டதும் ஒரு மணிநேரக் கணக்கு. அந்த ஒரு மணிநேரத்தில் என்னால் எத்தனை போட முடியுமோ அதுவே டார்கெட், அதைச் சீக்கிரம் முடித்தால் மிச்ச நேரம் என்னுடையது. எத்தனை போட முடியும் என்று தெரிய, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து வகுத்தல் கணக்குகளைக் கொடுத்து வாட்சோடு எதிரே உட்கார்ந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் அரிசி புடைத்தபடி அம்மாவிடம் சிரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அப்பாவின் கம்பெனியிலேயே தையல் மெஷினில் வேலை. “சார் அட்டையை எடுத்துகினு பின்னாடி வந்து நின்னார்னா போதும்கா, என் மெஷின்ல நூலு தானா அறுந்துடும். பாபின்ல சுத்தின அடிநூலு தீர்ந்துடும். ஊசில எண்ணெ இல்லன்னு அப்பத்தான் ஞாபகம் வரும்” என்றார். எதற்கு என்று அம்மா கேட்டார். வேகமாகத் தைத்துக் காட்டினால் அதையே டார்கெட்டாகப் போட்டுவிடுவார்களாம். அப்புறம் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாதாம். அக்கா யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. நான்தான் வாசற்படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் காட்டாத கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் என் பென்சில் முனை மூன்று முறை உடைந்தது. ரப்பர் கட்டிலுக்கு அடியில் உருண்டது. ஏழாவது கணக்கை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அப்பா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பத்துக் கணக்குக்கு இருபத்தாறு நிமிஷம். டார்கெட் தாராளமாக இருபது கணக்கு என்று முடிவானது. நாலு மணிக்கு மணி அடித்ததும் வகுப்பிலேயே உட்கார்ந்து அந்த இருபதையும் பதினெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு நான் மைதானத்துக்கு ஓடினேன்.

மோசடி என்பது செய்த அன்றே முடிந்துவிடுகிற காரியம் என்று அந்த வயதில் நம்பினேன். அப்பா அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார். ஞாயிறு தோறும் சர்ச்சிலிருந்து வந்து அதை விரித்துப் பார்த்துக் கவலைப்பட்டார். காலாண்டில் கணக்கில் நல்ல மார்க்தான், ஆனால் மார்க்கை நம்புகிறவரல்ல அவர். “மார்க் சரி. பெரிய பரீட்சைல டைம் பத்தாம போய்ட்டா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா நர்ஸ். பெண் சோர்வாக இருக்கிறாள் என்று இரும்புச்சத்து மாத்திரை வந்தது. கணக்கு வர வேண்டும் என்று நாள் தவறாமல் வெண்டைக்காய் வந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆளான நான் மாத்திரையையும் வெண்டைக்காயையும் விழுங்கினேன்.

கடைசியில் டியூஷன் வந்தது. டியூஷன் வாத்தியாருக்குத் தோதான நேரம் நாலரையிலிருந்து ஐந்தரை. வெளியூர்ப் பள்ளிகளோடு மோதும் போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தது. சனிக்கிழமை பள்ளிக்கு வந்து டீச்சரிடம் பேசி என் பெயரை அணியிலிருந்து எடுத்துவிடப்போவதாக அப்பா சொன்னார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. கோபமாக இருந்தால் அழுதே சமாளித்திருப்பேன். உண்மையைச் சொன்னால் ரிங் தப்பிக்கும். ஆனால் எங்கே கற்றாய் என்று கேட்பார். அக்கா பெயர் வரும். பிறகு அக்காவின் பின்னால் போய் நின்று அந்த வரிசைக்கே புதிதாக நேரம் எடுப்பார். மூன்று நாள் யோசித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதையும் யோசித்ததில்லை, என் எழுத்தைப் படித்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

என் வகுப்பாசிரியைதான் எங்களுக்குக் கணக்கும் எடுத்தார். சனிக்கிழமை, நான் இன்னும் உண்மையைச் சொல்லாமலிருக்க, அப்பா அவர் மேசையில் தாளை விரித்தார். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

“இது யாரோட டைம் சார்?”

“இவளோடதுதான் டீச்சர்.”

“இவளா? கிளாஸ்ல மொதல்ல முடிக்கிறது இவதான். முடிச்சிட்டு பக்கத்துல இருக்கறவங்களைப் பேஜார் பண்ணுவா. அதுக்காக ரெண்டு தடவ வெளில நிக்க வெச்சிருக்கேன்.”

என்னைப் பற்றி ஒரு ஆசிரியர் சொன்ன புகார் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. அப்பா தாளை மறுபடி தன் பக்கம் திருப்பினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘பென்சில் முனை உடைதல், மூன்று முறை.’ அந்த வரியில் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“பாபின்” என்றார் மெதுவாக.

டீச்சருக்குப் புரியவில்லை. அப்பா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார், ஒரு நிமிஷம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நின்றோம்.

“எதிர்வீட்டுப் பொண்ணா?”

“இல்லப்பா. நானா கத்துக்கிட்டேன்.”

என் பொய்களில் இன்றுவரை நான் வருத்தப்படாத ஒன்று உண்டென்றால் இதுதான். அப்பா அதை நம்பவில்லை. நம்பாததைச் சொல்லிக் காட்டவும் இல்லை.

“அங்க முப்பது பேரு நூல் அறுக்கறாங்க பாப்பா. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் எழுதறேன். ஒரு நிமிஷம் வேகமா தைக்கிறது யாராலயும் முடியும். எட்டு மணிநேரம் குனிஞ்சே தைக்கணும் இல்ல?” என்று நிறுத்தினார். “ஆனா வீட்லயும் அறுப்பாங்கன்னு நான் நெனைக்கல.”

எனக்கு அழுகை வந்தது. அதை அவர் கவனிக்காதது போல், உண்மையில் பத்துக் கணக்குக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டார். ஒன்பது என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டார், உதடு அசைந்தது. அறுபதுக்கும் மேலே போகும் என்று எனக்கும் தெரிந்தது. தினம் அறுபது கணக்கு என்றால் ரிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

“இருபதே இருக்கட்டும்” என்றார். “ஏத்தினா மறுபடியும் பென்சில் உடையும்.”

உள்ளே போய் என் பெயர் அணியிலேயே இருக்கட்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தார். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என் மகன் இப்போது ஏழாம் வகுப்பு. சத்துவாச்சாரியில் எங்கள் அடுக்ககத்துப் பெற்றோர் குழுவில் எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தை எத்தனை நிமிஷத்தில் முடிக்கிறது என்று செல்போனில் தினமும் படம் போடுகிறார்கள். நான் எதுவும் போடுவதில்லை. பரந்த மனம் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வயதில் ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும், அதை ஆராயப் போய் அவமானப்பட நான் தயாராக இல்லை.

அன்று டீச்சரைப் பார்த்துவிட்டு அப்பாவின் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அம்மா நின்றிருந்தார். டியூட்டிக்குக் கிளம்பி, எங்களுக்காகத்தான் காத்திருந்தார்.

“டீச்சர் இன்னா சொன்னாங்க?”

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“வீட்ல ஒருத்தர் ரொம்ப ஸ்லோவாம்” என்றார். “அது பாப்பா இல்லியாம்.”