பெட்டி பின்னுக்கு வருகுது, விலகுங்கோ

மணவறைச் சோடனைத் தொழிலில் பூ வாடலாம், தூண் ஆடலாம், மாப்பிள்ளைகூடப் பிந்தி வரலாம். ஆனால் அவ்வளவு சாமானையும் ஏற்றிய ட்ரெயிலரை மண்டபத்தின் பின்வாசலுக்கு நேராகப் பின்னுக்குக் கொண்டுபோக ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்த ஒருவர் நான்தான். பெயர் நிருஜா, வயது பதினெட்டு, இருப்பது பாரிசின் லா சப்பலில் அம்மாவின் சோடனைக் கடைக்கு மேல்மாடியில். வானின் பின்கதவில் புதுச் சாரதிக்குரிய சிவப்பு 'A' ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் பின்னால் வருகிறவர்கள் தூர விலகிப் போவார்கள். புத்தியுள்ளவர்கள்.

ட்ரெயிலரை எங்கள் வீட்டில் பெட்டி என்போம். வானுக்குப் பின்னால் பெட்டி கொளுவி இழுக்கிற சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முன்னுக்குப் போகும்போது அது பூனைக்குட்டி மாதிரி வரும். பின்னுக்கு எடுத்தால்தான் அதன் குணம் தெரியும். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் பெட்டி இடது பக்கம் போகும். ஒரு சொட்டு அதிகமாகத் திருப்பினால் வானும் பெட்டியும் கொப்பி மாதிரி மடிந்து, கோபித்துக்கொண்ட சம்பந்திகள்போல முகத்துக்கு முகம் பார்த்து நிற்கும்.

தேசிக்காய்க்கு எது முன்பக்கம்

அம்மா புதிதாக வாங்கிய மணவறையில் இரண்டு யானைகள். பைபர் யானைதான், ஆனாலும் யானை வானுக்குள் நுழையாது. அதனால்தான் பெட்டி வந்தது. லா கூர்னெவில் நாங்கள் சாமான் வைக்கிற கிட்டங்கி முற்றத்தில் அதற்குப் பூசை. ஐயர் வந்தார். கற்பூரம் காட்டி, வானின் நாலு சில்லுக்கும் பெட்டியின் இரண்டு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்துவிட்டு, "மெதுவா முன்னுக்கு எடுங்கோ" என்றார். அப்போதுதான் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். முன்னுக்கு மதில். அப்பா முதல் நாள் வானின் மூக்கை மதிலில் முட்டக் கொண்டுவந்து விட்டிருந்தார். பின்னுக்கு எடுக்கத் தெரியாதவர் வேறு எப்படி விடுவார்?

நல்ல காரியத்துக்குப் பின்னுக்குப் போகக்கூடாது என்று அம்மா நின்றுவிட்டார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், குனிந்து ஆறு தேசிக்காயையும் எடுத்துச் சில்லுகளுக்குப் பின்பக்கம் வைத்தார். அப்பா பின்னுக்கு எடுத்தார். வான் தன் நாலையும் நசித்தது. பெட்டியோ தன் இரண்டையும் தொடாமல் ஒரு பக்கமாக நழுவி, மடிந்து நின்றது. கடைசியில் அம்மா தேசிக்காயைப் பொறுக்கிக்கொண்டுபோய்ச் சில்லு எங்கே வரப்போகிறதோ அங்கே வைத்தார். இது சாத்திரத்துக்குச் சரியோ என்று நான் கேட்டபோது ஐயர் பையைத் தோளில் கொளுவியபடி சொன்னார்: "எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் முன்பக்கம் எண்டு வைப்பம் பிள்ளை. எனக்கு ஓல்னேயிலை ஒரு திவசம் கிடக்கு."

கை சொல்வதா, வாய் சொல்வதா

அப்பா கிழமை நாட்களில் ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. வைகாசியில் அங்கே மா மூட்டை தூக்கி வலது தோள் விலகி, ஒப்பரேசனும் ஆகி, கை தொட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குளிர் தொடங்கும்வரை ஸ்டியரிங்கில் கை வைக்கக்கூடாதாம். அம்மாவிடம் பேர்மி, அதுதான் சாரதிப் பத்திரம், இல்லை. ஆவணி முழுக்கக் கலியாணங்கள் பிடித்தாகிவிட்டது. ஓல்னே-சூ-புவாவில் இன்னொரு சோடனைக்காரர் இருக்கிறார். அப்பாவின் தோள் எங்கள் வீட்டுக்கு வந்துசேர முதலே அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா என்னை இருத்திச் சொன்னார்: ஆவணி முதல் கலியாணத்துக்குள் பெட்டியை நேராகப் பின்னுக்கு விடப் பழகினால் அத்தனை கலியாணமும் எங்களுடையது. பழகாவிட்டால் எல்லாவற்றையும் ஓல்னேக்காரரிடம் கொடுத்துவிட்டு யானைகளைக் கடை வாசலில் காட்சிக்கு வைக்கவேண்டியதுதான்.

அப்பா பக்கத்து இருக்கையில் ஏறிப் படிப்பிக்கத் தொடங்கினார். "ஸ்டியரிங்கைக் கீழை பிடி. கை எந்தப் பக்கம் போகுதோ, பெட்டியின்ரை வாலும் அந்தப் பக்கம் போகும்." நல்ல பாடம்தான். சிக்கல் என்னவென்றால், வலது கை கட்டுக்குள். ஆகவே "வலது, வலது" என்று கத்திக்கொண்டே இடது கையால் இடது பக்கம் காட்டுவார். நான் கையைப் பார்த்துத் திருப்பினால் வாய் கத்தும். வாயைக் கேட்டுத் திருப்பினால் கை என் மூக்குக்கு முன்னால் ஆடும். மூன்றாம் முறை மடிந்தபிறகு கேட்டேன்: "அப்பா, நான் கை சொல்லுறதைக் கேக்கிறதோ, வாய் சொல்லுறதைக் கேக்கிறதோ?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டையும் கேள். பிறகு கொம்மா சொல்லுறதைச் செய்."

நான் எழுப்பாத சத்தம்

எனக்கு இருக்கிற ஒரே கெட்டித்தனம் மற்றவர்களின் குரலை எடுப்பது. அம்மா, ஐயர், மெத்ரோவில் தரிப்பிடம் சொல்லுகிற அக்கா, எல்லாரும் என் தொண்டைக்குள் குடியிருக்கிறார்கள். எங்கள் வான் பழையது, பின்னுக்குப் போகும்போது சத்தம் போடாது. அதனால் கண்ணாடியை இறக்கிவிட்டு நானே 'பீப், பீப்' போடுவேன். ஒரு நாள் அதையும் தாண்டி, தகரம் நசிகிற சத்தத்தை நாக்கால் எழுப்பிப் பார்த்தேன். முதலில் 'கிறீச்', பிறகு 'மொறுக்', கடைசியில் ஒரு சின்ன 'டிங்'. வெளியே நின்ற அப்பா தொட்டில் கையோடு ஓடிவந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அந்த முகத்தைப் பார்க்கவே இன்னொருமுறை செய்தேன். ஓடி வந்தார். இன்னொருமுறை. வந்தார், ஆனால் நடந்து.

அதன்பிறகு பெட்டி உண்மையாகவே கிட்டங்கிக்காரரின் பச்சைக் குப்பைவாளியில் ஏறியது. கிறீச், மொறுக், எல்லாம் ஒழுங்காக வந்தது. டிங் மட்டும் இல்லை. நான் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் இருந்து எடுத்துவிட்டேன். அப்பா மதிலில் சாய்ந்து மீன் றோல் சாப்பிட்டுக்கொண்டு நின்றார். அசையவேயில்லை. வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தமுறை திறமாய்ச் செய்தாய் பிள்ளை. அப்பிடியே குப்பைவாளிச் சத்தம்தான்."

அம்மாவின் தொலைபேசி

ஆவணி முதல் கலியாணப் பெண்ணின் தாய் வசந்தி அன்ரி. எதையும் மூன்றுதரம் கேட்டு நிச்சயப்படுத்துகிறவர். ஒரு நாள் அம்மா கடைக்குள் மாலைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது. எடுத்தேன். வாயைத் திறந்ததும் அம்மாவின் குரல்தான் வந்தது. நான் என்ன செய்ய? "அக்கா, உங்கடை மகள்தான் வான் ஓடுறாவாம் எண்டு கேள்விப்பட்டன். சின்னப் பிள்ளையெல்லே, மணவறை முழுசா வந்து சேருமோ?" என்றார் அன்ரி.

அம்மாவின் குரலில் என்னைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை கேட்க எனக்கும் ஆசை இருக்காதா? "என்ரை மகளோ? அவளை மாதிரி நிதானமான பிள்ளை பாரிசிலையே இல்லை வசந்தி. சமைப்பாள், படிப்பாள், தாய் சொல்லுக்கு மறுசொல் சொல்லமாட்டாள்" என்று அளந்துவிட்டேன்.  பிறகு அன்ரி நிதானமாகச் சொன்னார்: "சரி நிருஜா, அம்மா வந்தவுடனை எனக்கு எடுக்கச் சொல்லும்."

ஒல்லாந்துக்காரரின் காது

ஆடி மாதம் ஒரு மத்தியானம் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் ஒரு ஒழுங்கையில் பூக்கூடை ஏற்றிக்கொண்டு நின்றோம். வீடு மாதிரி ஒன்று வந்து நின்றது. பிக்கப் ஒன்றின் முதுகில் கொளுவி இழுக்கிற நீளமான கேரவன். ஜன்னலில் திரைச்சீலையும் தொங்குகிறது. போனில் வழி பார்த்து வந்த ஒல்லாந்து தேசத்துத் தாத்தாவும் பாட்டியும். ஒழுங்கையின் முன்பக்கத்தை ஒரு லொறி அடைத்துவிட்டது. பின்னுக்குப் போவதைத் தவிர வழியில்லை. சலூனிலிருந்து, போன் கடையிலிருந்து, தேத்தண்ணிக் கடையிலிருந்து எங்கள் அண்ணைமார் எல்லாரும் வெளியே வந்தார்கள். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி "ஒடி, ஒடி" என்றார். ஒருவர் "வெட்டாதை, நேரா விடு" என்றார். ஒருவர் இரண்டு கையாலும் காற்றைப் பிசைந்தார்.

தாத்தா ஜன்னலால் தலையாட்டிச் சிரித்தபடியே அந்த முழு வீட்டையும் ஒரே இழுவையில், ஒரு சைக்கிளில்கூட முட்டாமல், பெரிய தெருவுக்குக் கொண்டுபோனார். "நான் சொன்னபடியே வெட்டினவன், பாத்தியளோ?" என்று சலூன் அண்ணை சொன்னார். மற்ற இரண்டு பேரும் தாங்கள் சொன்னபடிதான் என்றார்கள். நான் ஓடிப்போய்த் தாத்தாவிடம் பிரெஞ்சில் கேட்டேன், இவர்கள் சொன்னது உங்களுக்கு எப்படி விளங்கியது என்று. அவர் சொன்னார்: "ஒரு சொல்லும் விளங்கவில்லை, மகளே. நல்லதாய்ப் போயிற்று. பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்தேன்."

வடை

அதற்குப் பிறகு கிட்டங்கி முற்றத்தில் அப்பாவை வானுக்கு வெளியே, வாய்க்கும் கைக்கும் எட்டாத தூரத்தில், கதிரை போட்டு இருத்திவிட்டுப் பழகினேன். கையைக் கீழே பிடித்து, கண்ணாடியைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. பெட்டி நேராகப் போனது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஆனால் ஆவணி முதல் கலியாணத்தன்று காலை மண்டபத்தின் பின்பக்கம் போய்த் திரும்பியபோது என் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. ஒழுங்கை ஒடுக்கம், ஒரு பக்கம் மதில், மற்றப் பக்கம் வரிசையாகக் குப்பைவாளிகள். அவற்றுக்கு இடையில், கதிரை அடுக்க வேளைக்கே வந்த மாப்பிள்ளை வீட்டு மாமாமார் ஒரு பட்டாளம். "ஒடி பிள்ளை." "ஒடியாதை பிள்ளை." "என்னைப் பார், என்னைப் பார்." நான் ஒவ்வொருவரையும் பார்த்தேன். பெட்டி ஒவ்வொருமுறையும் மடிந்தது. வசந்தி அன்ரி வாசலில் வந்து நின்று அம்மாவிடம், "முகூர்த்தம் கிட்டுது அக்கா. ஓல்னேக்காரரும் கலியாணத்துக்குச் சொன்ன ஆள்தான், உள்ளுக்கை இருக்கிறார். வந்து விடச் சொல்லிக் கேப்பமோ?" என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் இறங்கி, தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல மண்டபத்துக்குள் போனேன். மேடையில் ஒலிவாங்கி உயிரோடு இருந்தது. எங்கள் கலியாணங்களுக்கெல்லாம் அறிவிப்புச் செய்கிற சிவம் மாமா மூலையில் வேட்டி சரிசெய்துகொண்டிருந்தார். அவருடைய குரலை எடுத்தேன். "அன்பார்ந்த உறவுகளே, முன் மண்டபத்தில் சூடான வடையும் தேத்தண்ணியும் தயாராக உள்ளன. முதலில் வருவோருக்கு முதலில் வழங்கப்படும்." திரும்பி வந்து பார்த்தால் ஒழுங்கையில் அம்மாவும் குப்பைவாளிகளும் மட்டும். ஓல்னேக்காரரும் வடைக்குத்தான் போயிருக்கவேண்டும்.

அம்மா வாயைத் திறந்தார், பிறகு தானே பொத்திக்கொண்டார். ஏறினேன். கையைக் கீழே பிடித்தேன். இரண்டு கண்ணாடி, அதற்குள் ஒரு பெட்டி, ஒரு வாசல். முதல் தரம் கொஞ்சம் சரிவு. முன்னுக்கு எடுத்து நேராக்கினேன். இரண்டாம் தரம் பெட்டி குப்பைவாளிகளைக் கடந்து, மதிலைக் கடந்து, வாசலுக்கு நேரே போய் நின்றது. யானைகளை இறக்கும்போது சிவம் மாமா வந்து என் பக்கத்தில் நின்றார். ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். "குரல் சரி, பிள்ளை. ஆனா நான் 'உறவுகளே' எண்டு சொன்னபிறகு ஒரு மூச்சு விடுவன். அதை விட்டிட்டாய்" என்றார்.

வடை கிடைக்காத மாமாமார் சமையல்காரரோடு சண்டை பிடிக்கிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. மணவறை முகூர்த்தத்துக்கு முதலே எழும்பிவிட்டது, இரண்டு யானையோடும். வசந்தி அன்ரி அதைச் சுற்றி ஒருதரம் நடந்தார், வழக்கம்போல இன்னும் இரண்டுதரம் நடந்தார், பிறகு அம்மாவிடம் வந்து சொன்னார்: "அக்கா, இளையவளின்ரை கலியாணம் தையிலை. அதுக்கும் இந்தப் பிள்ளையே பெட்டியைக் கொண்டு வரட்டும். ஆனா அண்டைக்கு நான் உண்மையாவே வடை போடுறன், ஆக்களை அவ்வளவு நேரம் ஏமாத்தேலாது."

ஆக, ஒரு பெட்டியை நேராகப் பின்னுக்கு விட ஓடுகிறவருக்கு இரண்டு கண்ணாடியும், வழிகாட்டுகிறவர்களுக்கு நல்ல பசியும் இருந்தால் போதும்.