சர்க்கரை போடாத புட்டிங்

வெல்லம் சர்க்கரை நோயாளியை ஒன்றும் செய்யாது என்று என் புகுந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

கணவருக்காக, அரிசிக்குப் பதில் குயினோவாவும் சர்க்கரைக்குப் பதில் பட்டைத்தூளும் சேர்த்து ஓவனில் புட்டிங் செய்வேன். விரும்பிச் சாப்பிட்டார், ரத்தச் சர்க்கரை மட்டும் இறங்கவில்லை.

ஒரு மாலை, நான் கலக்கிவைத்த கலவையில் மாமியார் வெல்லப்பாகு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை இது?"

"வெல்லம்தாம்மா. சக்கரையா ஊத்துனேன்? எம்புள்ள மூஞ்ச சுளிச்சிகினு துன்றத பாக்க முடில."

பக்கத்தில் நின்ற கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. கலவை முழுவதையும் குப்பையில் கொட்டினேன். வாயைத் திறந்திருந்தால் சொல்லாலேயே இருவரையும் சுட்டிருப்பேன்.

அடுத்த ஆண்டு சிறுநீரகம் செயலிழந்து கணவர் இறந்தார். கோபம் ஆறவில்லை, அதில் பாதியைக் கேட்க ஆளில்லை.

நூம்பல் வீட்டில் இப்போது நானும் அத்தையும் இருக்கிறோம்.